கொத்தமல்லியில் பெட்ரோல் வாடை

என் கணவர் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெல்டிங் வேலை பார்க்கிறார். அதனால் எங்கள் பழைய லாரிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கியபோது, எனக்கு அவர் சட்டைமேல்தான் சந்தேகம். விடியுமுன் சிம்பாங் அம்பாட் தோட்டங்களில் கீரை ஏற்றி, ஆயர் குரோ பசாரில் கடை போட்டு விற்றுவிட்டு, மாலையில் அவரையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவேன். அவர் உடுப்பைத் தனியாக ஊறவைத்தேன். சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்தேன். வாடை போகவில்லை.

பெட்ரோலும் நிற்கவில்லை. நேற்று நிரப்பியது இன்று பாதிக்குக் கீழே கிடக்கும்.

"நீ மிதிக்கிற மிதிக்கு எப்படி எண்ணெய் நிக்கும்?" என்றார்.

"கீரைக்கட்டை ஏத்திக்கிட்டு நான் ரேஸா ஓட்டுறேன்?"

அதற்குமேல் சண்டை போட இருவரிடமும் தெம்பில்லை. வாடைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு வருவோம்.

ஒரு பட்டறையில் டாங்கி மூடியை மாற்றினார்கள். இன்னொன்றில் பிளக் மாற்றினார்கள். சில நாள் சரியானதுபோல் இருக்கும், பிறகு பழையபடிதான்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், பசாரில் ஒரு பெண் கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "எண்ணெய் வாடை அடிக்குதுலா, அக்கா."

அவள் போனதும் என் கையை முகர்ந்தேன். பிறகு முந்தானையை. எல்லாவற்றிலும் அதே வாடை. அவர் அந்த வாரம் லாரியில் ஏறவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டதும் அவரும் என்னோடு வேறொரு பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி என் மூக்கருகே நீட்டினார். எஞ்சின் எண்ணெயே பெட்ரோலாய் நாறியது. பிறகு ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கினார். காற்று மட்டும் போகவேண்டிய அந்தக் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற சாமான் உள்ளுக்குள்ள கிழிஞ்சு போச்சு, அக்கா. இந்தக் குழாய் வழியா சும்மாவே எஞ்சினுக்குள்ள போகுது. தீப்பிடிக்காம இருந்ததே பெரிசு."

என் கணவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். "அப்ப மிதிக்கிறதால இல்லையா?"

"யார் ஓட்டினாலும் இப்படித்தான் குடிக்கும், அண்ணே."

சாமானையும் எஞ்சின் எண்ணெயையும் மாற்றி முடிக்க மாலையாகிவிட்டது. அவர் என் கையிலிருந்து சாவியை வாங்கினார். இருக்கைத் துணியில் இன்னும் கொஞ்சம் வாடை இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா, அவர் முதலில் கேட்கட்டுமா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

"வீடு வந்திருச்சு, எழுந்திரு," என்று தோளைத் தொட்டார். கீரைக் கூடைகளை அவரே இறக்கி வைத்திருந்தார்.