இடது பையில் ஒரு கடலை

முதல் ஆள் படியில் கால் வைத்ததும் கசில்டாவின் வலது பையிலிருந்து ஒரு கொண்டைக்கடலை இடது பைக்கு மாறும். இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது கடலை. அவள் தலைகளை எண்ணுவதில்லை. தலை குனியும், திரும்பும், தூணுக்குப் பின்னால் மறையும். அதனால் ஆளுக்கு ஒரு முழங்கையைத் தொடுவாள், ஒரு கடலையை மாற்றுவாள். எல்லோரும் திரும்பும்போது அதே கடலைகள் ஒவ்வொன்றாக வலது பைக்கு வந்துவிட வேண்டும். இடது பை காலியானால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

தொலேதோ நகரத்தில், பேராலயத்துக்குப் பின்புறச் சந்தில் உள்ள ஒரு பழைய வீட்டின் அடியில் மூன்று நிலவறைகள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் ஊர் பார்க்க வருகிறவர்களை அவற்றுக்குள் அழைத்துப் போவது அவள் வேலை. முப்பத்துநான்கு படிகள். பத்தொன்பதாவது படி உடைந்தது. அண்ணன் ஃபெர்மின் மேலே கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சீட்டைக் கிழிப்பது, குடைகளை வாங்கி வாளியில் வைப்பது, விளக்கு விசையை ஏற்றி இறக்குவது, கதவைப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மின்கம்பி இழுக்கப் போனவர். தங்கை வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவார். "அது என் தங்கச்சி. அரபு சுல்தான் காலத்துச் செங்கல்லெல்லாம் அவகிட்டப் பேர் சொல்லும், பாருங்க."

இறங்குவதற்கு முன்னால் எல்லோருடைய காலணிக் கயிறுகளையும் குனிந்து பார்ப்பாள். முடிச்சு தளர்ந்திருந்தால், அவர் நீதிபதியாக இருந்தாலும் விடமாட்டாள். "கட்டுங்க ஐயா. கீழ விழுந்தா பல்லைப் பொறுக்க எனக்கு நேரமில்ல." மூன்றாவது அறையில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். மூன்று பக்கம் முழங்கால் உயரச் சுவர். நான்காவது பக்கத்தில் தடுப்பு கிடையாது, அறைச் சுவரை ஒட்டி முக்கால் அடி அகல விளிம்பு மட்டும்தான். அந்த அறைச் சுவரின் செங்கல் ஒன்றில், ஈரமாக இருந்தபோது யாரோ பதித்த ஐந்து விரல்களும் அப்படியே இருக்கின்றன. அதைத் தூரத்தில் நின்று கைவிளக்கால் காட்டுவாள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வார்த்தைகள்: "விளக்கு அணைஞ்சா ஒரு அடி கூட நகராதீங்க. நான் வருவேன்."

இந்தக் கடலைப் பழக்கம் ஏழு வருடத்துக்கு முன்னால் வந்தது. பில்பாவோவிலிருந்து வந்த, காது கேளாத ஒரு பெண்மணியை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டார்கள். நாற்பது நிமிடம். வெளியே வந்த அந்த அம்மாள் திட்டவில்லை. கசில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி போலிருந்தது அந்தப் பிடி. அவ்வளவுதான். மறுநாள் சமையலறை டப்பாவிலிருந்து கடலைகள் பைக்கு வந்தன.

போன மாதம் ஒரு கடலை குறைந்தது. வெளியூர்க்காரர்களை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்து, மூன்று முறை கீழே ஓடிப் போய் வந்தாள். கடைசியில் பையில் ஓட்டை. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் இறங்கி வந்து சொன்னார்: "இன்னொரு தடவை இந்தக் கூத்து நடந்தா, நிலவறையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்." அன்றிரவே ஃபெர்மின் இரண்டு பைகளையும் மெழுகு தடவிய இரட்டை நூலால் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தார்.

நவம்பர் சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணிச் சுற்று. நல்ல மழை. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அரை மணி கழித்து ஏறி வந்தவர்கள், பேருந்துக்கு நேரமாகிறது என்று வாளியிலிருந்து குடைகளை உருவிக்கொண்டு சந்தில் கலைந்தார்கள். படியடியிலிருந்து கசில்டாவின் குரல் வந்தது.

"அண்ணே! ஒண்ணு மிச்சமிருக்கு!"

வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்த தடித்த மனிதர் திரும்பினார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானம்மா, அந்தக் கடலையைக் குழம்புல போட்டுடுங்க!" அவர் மனைவி "சும்மா வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"கூப்பிட்டுப் பாத்தியா?" என்று ஃபெர்மின் படியில் குனிந்து கேட்டார்.

"கூப்பிட்டேன். தொட்டியில தண்ணி கொட்ற சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. உள்ள போய்ப் பாக்கறேன்."

மாடியில் வீட்டுக்காரரின் காலடி ஓசை எழுந்து, நின்றது. ஃபெர்மின் அண்ணாந்து பார்த்தார். கீழே தங்கையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வேணாம் கண்ணு, வா. ஒருத்தர் பாதியிலயே மேல வந்துட்டாரு. மூச்சு முட்டுதுன்னு போயிட்டாரு. உன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

அப்படி யாரும் வரவில்லை.

அவள் மெதுவாக ஏறி வந்தாள். அவர் விசையை இறக்கினார். மூன்று அறைகளும் ஒன்றாக இருண்டன. பூட்டினார். தங்கை முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியதைப் பார்த்ததும், சொன்னது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் தான் போட்ட தையல் விடாது, கடலைக் கணக்கு தவறாது என்பதும் அவருக்குத் தெரியும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கால் மணி நேரம் போனது. கசில்டா வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரைத் துடைத்தாள். ஒரு கையால்தான் துடைத்தாள். இடது கை பைக்குள்ளேயே இருந்தது. துடைத்து முடித்ததும், வாளியில் வடிந்திருந்த தண்ணீரைக் கொட்டப் போனாள். வாளிக்குள் ஒரு பச்சைக் குடை நின்றது.

"யாருதுண்ணே இது?"

வெளியே ஓட்டுக் கூரையிலிருந்து மழை அருவியாக விழுந்துகொண்டிருந்தது.

"மூச்சு முட்டிப் போனவரு, இந்த மழையில குடையை விட்டுட்டா போனாரு?"

அவர் சாவியை எடுத்தார். அது துவாரத்தில் நுழையவில்லை. அவள் அதைப் பிடுங்கித் திறந்தாள். அவர் விசையை ஏற்றுவதற்குள் இருட்டிலேயே பாதிப் படிகள் இறங்கிவிட்டாள். ஃபெர்மின் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். பத்தொன்பதாவது படியை அவர் மறந்துபோனது அன்று ஒருநாள்தான். முழங்கால் கல்லில் மோதியது. எழுந்து போனார். முதல் அறையில் யாருமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் குழாய் வழியாக மழைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் காலையில் பார்த்ததைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது.

ஆள் எதிர்ப்புற விளிம்பில் நின்றார். அறுபது வயதிருக்கும். உடம்பைச் சுவரோடு ஒட்டியிருந்தார். காலணிகளின் நுனி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வலது உள்ளங்கை அந்தச் செங்கல்லின் ஐந்து விரல் பள்ளங்களிலும் பொருந்தியிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

"வந்துட்டீங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். "நகரக் கூடாதுன்னு சொன்னீங்க. நகரல."

"வந்துட்டேன் ஐயா. கண்ணைத் தொறக்காதீங்க. இடது காலை மட்டும் பக்கத்துல வைங்க. அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு." பேசிக்கொண்டே விளிம்பில் பக்கவாட்டில் நகர்ந்து போனாள். குரலில் நடுக்கமே இல்லை. எட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

மேலே வந்து ஃபெர்மினின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனிதர் ஒரு குவளை பிராந்தியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தவறு என்மேல்தான், அந்தக் கைத்தடத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டேன் என்றார். போகும்போது குடையை எடுத்துக்கொண்டு ஃபெர்மினிடம் கேட்டார்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

ஃபெர்மின் குனிந்து காலி வாளியை நகர்த்தி வைத்தார்.

"தங்கச்சி" என்றாள் கசில்டா.

அவர் போனபின் கதவைச் சாத்தினாள். இடது பையிலிருந்து கடைசிக் கடலையை எடுத்தாள். வலது பையில் போடவில்லை. அண்ணனின் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் அந்தக் கடலையை வைத்தாள். பிறகு ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.