கவைக்கோலுக்குப் பக்கத்தில் நின்றவள்

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துக்காரர்களுக்கு அந்த ஓவியம் என்றால் கொள்ளைப் பிரியம். கூரான ஜன்னல் வைத்த வீடு, வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு ஒரு வழுக்கைத் தலையர், பக்கத்தில் உம்மென்று ஒரு பெண். சோப்பு விளம்பரம் முதல் தேர்தல் கேலிப்படம் வரை யார் யாரோ அந்த இரண்டு பேராக வந்து நின்றாயிற்று. பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி என்றே நினைப்பார்கள். வரைந்தவர் அப்பனும் மகளும் என்று சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

அந்த மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண் ஆர்டித். அம்மா செத்துப்போனபோது அவளுக்குப் பதினாறு வயது. அன்று எடுத்த கரண்டியை முப்பத்தாறிலும் கீழே வைக்கவில்லை. வருஷா வருஷம் மாவட்டச் சந்தையில் அப்பா ஹார்லனோடு அந்த ஓவியத்தைப் போலவே வேஷம் கட்டி நிற்பாள். யாராவது "உங்க சம்சாரமா?" என்றால் ஹார்லன், "அட, மகய்யா! படத்துலயும் மகதான்" என்று சண்டைக்கே போவார்.

அவள் கொண்டுபோகும் சோளத்தைக் கிடங்கில் எடை போடுகிறவன் வெண்டெல். ஊருக்குப் புதிது, கூச்சப் பேர்வழி. வீட்டில் யார் யார் என்றுகூடக் கேட்டதில்லை. ஒரு நாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"பக்கத்து மாநிலத்துல, நெப்ராஸ்காவுல வேலை கெடச்சிருக்கு. போகவா, இருக்கவான்னு உங்களத்தான் கேக்கணும். சனிக்கிழமை சந்தையில கேக்கறேன்."

சந்தோஷத்தில் அதை அப்பாவிடமும் சொன்னாள். அங்கேதான் அவளுக்குப் புத்தி கெட்டுப்போனது.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் வேஷத்தோடு கேமரா முன்னால் நின்றபோது வெண்டெல் புதுச் சட்டையில் வந்தான். வெளியூர் போட்டோக்காரர், "ஐயாவும் வீட்டம்மாவும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றார். ஹார்லன் சண்டைக்குப் போகவில்லை. வெண்டெலைப் பார்த்தபடி, "இருபது வருஷமா இவ கைச் சாப்பாடுதாம்பா" என்றார் சத்தமாக.

"அம்மா, அசையாதீங்க! வாயத் தெறக்காதீங்க!" என்றார் போட்டோக்காரர்.

ஒரு நொடிதானே, எடுத்து முடித்ததும் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள் ஆர்டித். வெண்டெல் தொப்பியைத் தொட்டு இருவருக்கும் மரியாதை செய்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான். அவள் ஓடிச் சேர்ந்தபோது அவன் வண்டி நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது. திங்கட்கிழமை கிடங்கில் வேறு ஆள். "அவன் நேத்தே கெளம்பிட்டாம்மா. விலாசமெல்லாம் தரல."

"மகள்னு ஏம்ப்பா சொல்லல?" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நீயுந்தான் சொல்லல" என்றார் ஹார்லன்.

அந்தப் போட்டோ சந்தைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. தீவனக் கடைக்காரர் காலண்டராகவே போட்டுவிட்டார். "அச்சு அசல் அந்த ஓவியத்து மொகம்டி! எப்படி வந்துச்சு ஒனக்கு?" என்று ஊரே அதிசயப்பட்டது. வருஷம் முடிந்தும் ஹார்லன் அதை அடுப்படியிலிருந்து கழற்ற விடவில்லை. அதற்குக் கீழே நின்றுதான் ஆர்டித் இன்னமும் அவருக்கு முட்டை பொரிக்கிறாள்.