ஆலமரத்தடியில் நின்றவள்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கொல்லிமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து, அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரர்தான் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் அழுதால் எழுந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விடுவார். சரியான கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால், நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டிவிடுவோம். பால் வடிகிற மரமாயிற்றே, மாட்டுக்கும் பால் பெருகும் என்று நம்பிக்கை. அந்த வருடம் காட்டோரத்து ஆலமரத்தில் கட்டிய பொதிகள் காணாமல் போக ஆரம்பித்தன. நாயோ நரியோ என்றால் வைக்கோல் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரு துரும்பு கிடையாது! ஒன்றிரண்டு வீட்டில் மாட்டுக்குப் பால் குறையவும், ஊர் கொதித்துப்போயிற்று. வேட்டை வலை, ஈட்டி, நாய் எல்லாம் தயார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் மாடு கன்று போட்டது.

"நீ பொதியக் கொண்டுபோயிக் கட்டப்பா. ஏதாச்சும் தட்டுப்பட்டா ஒரு சத்தம் குடு, நாங்க வந்தர்றோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆண்கள் கூட்டம் ஓடைக்கரையில் உட்கார்ந்துகொண்டது. புல் அறுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். தீட்டுக் கழிந்த கையோடு கிளம்பியவள்தான். வீட்டில் இருந்தால் தொட்டில் கட்ட எடுத்து வைத்த சேலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

மரத்தை நெருங்கியபோது சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மரத்தடியில் அது நின்றது. ஆள் உயரம். உடம்பெல்லாம் செம்பட்டை மயிர். முழங்காலைத் தொடும் கை. வால் இல்லை. கரடி நான் பார்க்காததா, குரங்கு பார்க்காததா? இது இரண்டும் இல்லை. முகம் மட்டும் மயிரில்லாமல், களைத்துப்போன ஒரு பொம்பளை முகம். ஐயோ என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

பிறகுதான் அதன் கையைக் கவனித்தேன். காணாமல் போன பொதிகளில் ஒன்றை அணைத்து வைத்திருந்தது. வைக்கோல் கருத்துப்போய்த் தொங்கியது. அது தன் மாரை எடுத்து வைக்கோலில் வைத்து அழுத்தும். கொஞ்ச நேரம் குனிந்து பார்க்கும். மறுபடி அழுத்தும். தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தது. ஈன்ற வாடை அடிக்கிற அந்தப் பொதியைத் தன் குட்டி என்றே நினைத்துவிட்டதோ என்னவோ.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்த நாட்கள் அவை. நின்ற இடத்திலேயே பால் சுரந்து சேலை நனைந்துவிட்டது. பயம் போன இடம் தெரியவில்லை. அடிப் பாவி, உனக்குமா இந்தக் கதி என்று கேட்கத்தான் வாய் வந்தது.

இவர் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஊரே ஈட்டியோடு வந்து நிற்கும். வேண்டாம் என்று கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த புதுப் பொதியைக் கீழே வைத்தார். கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி, தலைப்பக்கம் ஒரு கை கொடுத்து மெதுவாக வைத்தார். அப்படியே என்னைப் பின்னால் நகர்த்திக் கூட்டிவந்துவிட்டார்.

"என்றா, ஏதாச்சும் கண்டியா?" என்றார்கள் ஓடைக்கரையில்.

"ஒண்ணுமில்லீங்க. முடிச்சு எளகி உழுந்ததை நரி கவ்வீட்டுப் போயிருக்குமுங்க. நான் நல்லா இறுக்கிக் கட்டிப்போட்டு வந்துட்டனுங்க" என்றார் கூசாமல். முணுமுணுத்துக்கொண்டே வலையைச் சுருட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வரப்பில் நின்றுவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நம்ம புள்ளைக்கு உன்ற மூக்குத்தான் புள்ள. குழீல வெக்கறப்பத்தான் நல்லாப் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதன்பின் அதை யாரும் பார்க்கவில்லை. அது என்ன பிராணி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று மட்டும் தெரியும். அவளைப் பார்த்திருக்காவிட்டால், என் பக்கத்திலேயே இன்னொருத்தரும் அதே பிள்ளைக்காகத் துடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.