காந்தாரி என்றொரு பாத்திரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அறுநூற்றுச் சொச்சம் பக்கமுள்ள நாவல் ஒன்றை, "இந்த மாதம் எல்லாரும் இதைத்தான் படிக்கிறோம்" என்று எங்கள் வாசகர் குழுவின் தலையில் இறக்கியவன் நான். அதே நாவலில் தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் படுத்துவிட்டவனும் நான். அதுவும் போதாதென்று, "படிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர் மூன்று மாதம் குழுவைவிட்டு வெளியே இருக்க வேண்டும்!!!" என்று சட்டம் போட்டவனும் சாட்சாத் நானேதான். ஆச்சரியக்குறி மூன்று. எண்ணிப் போட்டேன்.

சட்டம் போட்டது வயிற்றெரிச்சலில். குழுவில் நாங்கள் ஏழு பேர். வாட்ஸப்பில் பொழுது விடிந்ததிலிருந்து 'டிங் டிங்' என்று வந்து விழும். ஆகா, நாவலைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று கூடலூரில் என் உரக்கடைக் கல்லாவிலிருந்து பாய்ந்து எடுத்துப் பார்த்தால், இடியாப்பத்துக்கு ஊற்றுவது தேங்காயின் முதல் பாலா இரண்டாம் பாலா என்று விவாதம் நடந்துகொண்டிருக்கும். உத்தமபாளையத்துத் திராட்சை வியாபாரி நெய்ச்சோற்றுச் சட்டியைப் படம் பிடித்துப் போடுவார். சின்னமனூர் டீச்சர் முந்தின நாள் சீரியலில் யார் யாரை அறைந்தார்கள் என்று வரிசையாக எழுதுவார். குமுளியில் ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் தங்கச்சி எல்லாவற்றுக்கும் சிரிப்புப் பொம்மை போடும். இலக்கியம் செத்துப்போனதற்கு இவர்கள்தான் காரணம் என்று நான் ஆவேசப்படுவேன். ஆவேசத்தோடு நாவலைத் திறப்பேன். தொண்ணூற்று நான்கு. உடனே கடை வாசலில் ஒருவர் வந்து நிற்பார்.

"தக்காளி இலை சுருட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்?"

மூடிவிடுவேன். பூச்சிமருந்து விளம்பரத் துண்டுதான் அடையாளத்துக்கு வைத்திருந்தது. நாவலைவிட அதை நான் அதிகம் படித்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் எனக்கு உறைத்தது. சட்டம் போட்டவனே மாட்டலாமா? குழுவில் யாராவது கதையைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பார்கள், அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று பழைய செய்திகளை அவசரமாகத் துழாவினேன். சிக்கியது. குமுளித் தங்கச்சி எழுதியிருந்தது:

"ஒருவழியா முடிச்சிட்டேன். கடைசில சம்மந்தியை அம்மில வச்சு அரைச்சதுதான் சூப்பர். காந்தாரி கொஞ்சம் ஓவர். கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

அதற்குக் கீழே டீச்சர்: "அந்த மாமியாரை ஜெயில்ல போட்டாகளே, அதான் எனக்கு நிம்மதி."

போதாதா? ராத்திரிக்குள் மனதுக்குள் ஒரு திறனாய்வே கட்டி முடித்துவிட்டேன்.

ஞாயிறு பிற்பகல், வியாபாரி அண்ணன் வீட்டு மாடியில் கூட்டம். அமைப்பாளர் என்ற உரிமையில் நானே முதலில் எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இந்த நாவலின் உச்சம் எது? சம்மந்தியை அம்மியில் வைத்து அரைக்கும் அந்த இடம்தான். இரண்டு குடும்பங்களுக்கு இடையில் உள்ள வன்மத்தை இதைவிடக் குரூரமாக யாரும் எழுதியதில்லை. ஆனால் ஒரு குறை. காந்தாரி என்ற பாத்திரத்தை ஆசிரியர் கொஞ்சம் மிகையாக்கிவிட்டார். கண்ணீர் கூடுதல்."

குமுளித் தங்கச்சி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டது. நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினேன். மாமியாரைச் சிறைக்கு அனுப்பியதில் உள்ள அறச்சிக்கல் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்.

வியாபாரி அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏ மாப்ளே, இது எத்தனாம் பக்கம்?"

"கடைசியில வருமேண்ணே."

"கடைசிப் பக்கம் வரைக்கும் நானும்தான் படிச்சேன். அங்கன கலியாணமே நடக்கலியேப்பா. அப்புறம் சம்மந்தி எங்கிட்டிருந்து வந்தாக?"

அதற்கு மேல் தங்கச்சியால் அடக்க முடியவில்லை. "அண்ணே, அது நான் கப்பைக்கிழங்குக்கு அரைச்ச சம்மந்திண்ணே! காந்தாரி மிளகா ரெண்டு கூடப் போட்டுட்டேன், அதைத்தான் எழுதினேன்."

"அப்ப மாமியார் ஜெயிலுக்குப் போனது?" நம்பிக்கையைக் கைவிடாமல் கேட்டேன்.

"அது ஏழரை மணி சீரியல் சார்" என்றார் டீச்சர்.

எனக்குத் தெரியாத சொற்களா இவை? எங்கள் ஊரில் ஜீப் ஏறினால் மலைக்கு மேலே கேரள எல்லை, குமுளி. மலையாளத்தில் துவையலுக்குச் சம்மந்தி என்று பெயர் என்பது கூடலூரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் குமுளியில் அந்தத் துவையலைத் தொட்டுக் கப்பைக்கிழங்கு தின்கிறவன் நான். காந்தாரிச் செடி என் கடைக்குப் பின்னாலேயே நிற்கிறது, நகத்தளவு மிளகாய் குலைகுலையாய் மேல்நோக்கிக் காய்த்துக்கொண்டு. ஆனால் படிக்காதவன் கண்ணுக்கு எல்லா மிளகாயும் கதாநாயகி போலிருக்கிறது.

சிரித்து ஓய்ந்ததும் விட்டுவிடுவார்கள் என்று பார்த்தேன். டீச்சர் கைப்பேசியை எடுத்து என் சட்டத்தை வாசித்தார். ஆச்சரியக்குறிகளையும் சேர்த்து வாசித்தார்.

"சட்டம்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கிறதுதானே டீச்சர்..."

"நீ போட்ட சட்டம் மாப்ளே. நாங்க அதுல கை வச்சா ஒனக்குத்தான் மரியாதையில்ல" என்றார் அண்ணன், ரொம்பக் கரிசனமாக.

இதில் ஒரு கொடுமை உண்டு. குழுவுக்கு அட்மின் நான் ஒருவன்தான். ஆகவே டீச்சரை அட்மினாக்கிவிட்டு, ஆறு பேர் பார்க்க, என் விரலாலேயே நான் வெளியேற வேண்டியிருந்தது. கீழிருந்து வடையும் புதினாச் சட்னியும் வந்தன. "சம்மந்தியத் தொட்டுக்க மாப்ளே" என்று தட்டை என் பக்கம் தள்ளினார் அண்ணன்.

மறுநாள் கைப்பேசி ஊமையாகிவிட்டது. நல்லது, சனியன் விட்டது என்று இருந்தேன். மூன்றாம் நாள், முதல் பாலா இரண்டாம் பாலா, கடைசியில் என்னதான் முடிவு செய்தார்கள் என்று மனசு அரிக்கத் தொடங்கியது. அந்த எரிச்சலில்தான் நாவலை எடுத்தேன். தொண்ணூற்று ஐந்தாம் பக்கத்தில் கதை சூடு பிடித்துவிட்டது. ஒரே ஒரு பக்கம்! அதைத் திருப்புவதற்குத்தான் மூன்று வாரமாக நான் சோம்பியிருந்தேன்.

பன்னிரண்டு நாளில் முடித்தேன். முடிவில், கதையின் அந்தப் பிடிவாதக்கார மனிதர் ஆற்றின் கரைவரை வந்துவிட்டு, மறுகரையில் மகள் நிற்பதைப் பார்த்தும், கடக்காமல் திரும்பி நடக்கிறார். ஏன் திரும்பினார்? உடனே யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

கடையில் தக்காளிக்காரர்தான் நின்றார். முழுக்கதையையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு என்ன மருந்து?" என்றார்.

வீட்டில் மனைவியிடம் போனேன். "இருங்க, விளம்பரம் போடட்டும்" என்றாள். விளம்பரம் வந்தது. ஆற்றங்கரைக்கு நான் போய்ச் சேருவதற்குள் முடிந்தும் போனது. "அந்த மகளுக்குத் தோணி கிடைக்கலையாக்கும்?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்களும் ஒங்க புத்தகக்காரக கூடவே பேச வேண்டியதுதானே. எங்க, அவுகதான் ஒங்கள வெரட்டிட்டாகளே."

மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு டீச்சருக்குத் தனியாக எழுதினேன். நாலு பத்தி. அந்த மனிதர் ஏன் ஆற்றைக் கடக்கவில்லை என்று எனக்குத் தோன்றிய மூன்று காரணங்கள். நடுவில் மன்னிப்பு. கடைசியில், ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லாமல்: "உங்களுக்கெல்லாம் என்ன தோன்றியது டீச்சர்? குழுவில் மறுபடி சேர்த்துக்கொண்டால் பேசலாம்."

இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன. 'டிங்' என்றது. எத்தனையோ நாள் கழித்து வந்த சத்தம். பாய்ந்து எடுத்தேன்.

"நாங்க அடுத்த புத்தகத்துக்குப் போயிட்டோம் சார்."