ஆட்டுக்குக் கொடுத்த சொல்

பெரியப்பாவின் உருவம் வாசலுக்கு வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். "நாந்தான் வந்துட்டேன்ல!" கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே நுழைந்தாலும் அதைத்தான் சொல்லுவார். சாவு வீட்டில்கூடச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்பா இல்லாத எங்களுக்கோ அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், திருச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அக்காவின் முதல் கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு கிடா. போகிற இடமெல்லாம் "நாந்தான் வந்துட்டேன்ல!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழையும், நாய் குரைத்தால் முதல் ஆளாக ஓடும். எங்கள் ஊரான வாலிகண்டபுரத்தில் என் டீச்சர் பெருமை தாங்காமல் அதை வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டார். அடப்பாவமே! மறுநாளே தெருப்பிள்ளைகள் பெரியப்பாவைக் கண்டால் "வந்துட்டேன்ல, மே...!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

அவர் யாரையும் திட்டவில்லை. வீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்தார், சத்தமில்லாமல் சாப்பிட்டார். அதுதான் பயமாக இருந்தது. "நாலு வார்த்த திட்டிட்டாக்கூடத் தேவலடி. இனிமே அவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வூட்டுல கால் வைப்பா?" என்று அம்மா அடுப்படியில் புலம்பினாள்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். எப்போதும் பெரியப்பாதான் வண்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வருவார். அன்று நான் மட்டும் நின்றேன். இறங்கியதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, வண்டி நிற்கும் புளியமரத்தடியைத்தான் பார்த்தாள். "வர மாட்டாருல்ல?" என்றாள். பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் பையை வாங்கி வைத்தார். பாதி வழியில் அக்கா அழுதேவிட்டாள்.

"பெரியப்பா, ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

அவர் மாட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அதத்தான் ஆட்டுக்குக் குடுத்துட்டியேம்மா. அதுவும் நல்லாத்தான் சொல்லுது. இருந்துட்டுப் போவட்டும்."

வழக்கம்போலப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார். அடுத்த லீவுக்கும் வண்டி கட்டினார். அந்தச் சொல் மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

அதற்கப்புறம் அக்கா எத்தனையோ கதைகள் எழுதிவிட்டாள். போன மாதம் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானும் அவளோடு போயிருந்தேன்; அங்கே கிடாக் கதையைத்தான் கேட்டார்கள். வாசித்தாள். அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "நாந்தான் வந்துட்டேன்ல!" என்று கத்தினார்கள். அக்கா சட்டென்று நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.