கட்டி மட்டும் போதும்

மொட்டை போட்டுக்கொண்டது யசோதாவின் சொந்த யோசனை. வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான், அதைச் சுருக்க முதலில் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் நேரே மலையேறி முடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு நாகலாபுரம் பஸ்ஸைப் பிடித்தாள். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? மகள் யாமினிக்குப் பாகாலாவில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தாய்க்கு இந்த நோய் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று நழுவிவிடுவார்களோ என்று அவளுக்கும் புருஷன் சிட்டிபாபுவுக்கும் பயம்.

கெட்டிக்காரத்தனம்தான், போங்கள்! நோயாளி என்று தெரிந்திருந்தால் ஊர் அவளைக் கொஞ்சம் படுக்கவாவது விட்டிருக்கும். வேண்டுதல் மொட்டைக்கு யார் ஓய்வு கொடுப்பார்கள்? மருந்து ஏறிய நாலாம் நாளே பக்கத்துக் கொல்லை மல்லிகா வந்து நின்றாள். மல்லிகா கொல்லையில் யசோதா கடலை பிடுங்க வேண்டும், யசோதா கொல்லையில் மல்லிகா. வருஷா வருஷம் அப்படித்தான். யசோதா போனாள். வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு, பித்தம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்தாள். மூன்று மாதம் கழித்தும் தலையில் முடி முளைக்கவில்லை. இரண்டாவது வேண்டுதல் என்று இன்னொரு பொய்.

"ஏழுமலையானுக்கு உன் தலை மேலயேதான் கண்ணு போலருக்குடி!" என்று மல்லிகா சிரித்தாள். யசோதாவும் சிரித்து வைத்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

ஆறு மருந்தும் முடிந்தபின் டாக்டர் ரூபா புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். பேசியது தெலுங்கில். யசோதாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு.

"ரெண்டு வழி இருக்கும்மா. மார்பை முழுசா எடுக்கறது ஒண்ணு. கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு, மூணு வாரம் கரெண்ட் வெக்கறது, அதான் கதிர் பாய்ச்சறது, இன்னொண்ணு. உனக்கு ரெண்டுமே சரிப்படும். இப்படி ரெண்டு விதமாவும் வைத்தியம் செஞ்ச பொம்பளைங்கள இருபது வருஷம் விடாம கவனிச்சுப் பார்த்திருக்காங்க. ஆயுசுல வித்தியாசம் இல்ல. மிச்சம் விட்ட மார்புல திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வந்தா அப்ப எடுத்துக்கலாம். ஆனா கரெண்டை நடுவுல நிறுத்தக் கூடாது."

"முழுசாவே எடுத்துடுங்க டாக்டரம்மா, வேரோட போவட்டும்" என்றான் சிட்டிபாபு. பிறகு யசோதா பக்கம் குனிந்து தமிழில் முணுமுணுத்தான். "மூணு வாரம் தெனமும் பஸ் ஏறினா ஊர்ல என்னான்னு சொல்றது?"

டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

ஐந்து மாதமாக எந்தக் கையில் ஊசி குத்தட்டும் என்பதைத் தவிர யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. ஊர் வாய்க்குப் பயந்து மாரை அறுத்துக் கொடுப்பதா? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கத்துவதற்குத் தெம்பு இல்லை. இந்த உடம்பில் கெட்டுப்போனதைத் தவிர வேறு எதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"கட்டி மட்டும் எடுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் சித்தூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் யாமினிக்குப் போன் போட்டாள். "இதுக்கே ஓடறவன் எனக்கு எதுக்கும்மா? யாரு கேட்டாலும் சொல்லு" என்று மகள் அதட்டினாள். சிட்டிபாபு புத்தூர் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் ஆபரேஷன் முடிந்து கரெண்ட் வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, விடிகாலையில் மாட்டைக் கறந்தது அவன்தான்.

ஒன்பதாம் நாள் கரெண்ட் முடிந்து திரும்பும்போது யசோதாவின் மார்புத் தோல் கருத்து எரிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, தூங்கிவிடலாம் என்று இருந்தாள். புத்தூரில் ஏறிய மல்லிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெனமும் எங்கடி போய்க்கினு வர்ற?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "மார்ல கேன்சர். கட்டிய எடுத்துட்டாங்க. இப்ப கரெண்ட் வெச்சுக்கினு வர்றேன்" என்றாள் யசோதா.

அய்யோ பாவம் என்பாள், இல்லை நாளைக்குள் ஊரெல்லாம் பரப்புவாள் என்று காத்திருந்தாள். மல்லிகா இரண்டும் செய்யவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கட்டி மட்டுமா எடுத்தாங்க? மாரு இருக்குதா?"

"இருக்குது."

மல்லிகா முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, யசோதாவின் கையை இழுத்துத் தன் முந்தானைக்குள் இடது மார்பின் மேல் வைத்து அழுத்தினாள். கோலிக்குண்டு அளவில் கெட்டியாக இருந்தது.

"போன சங்கராந்தியிலருந்து இருக்குதுடி. ஆஸ்பத்திரிக்குப் போனா முழுசா அறுத்துடுவாங்கன்னு யாருக்கும் சொல்லல."

கடலைக் கொல்லையில் இவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துச் சாலில்தான் குனிந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கே யசோதா வாயைத் திறந்திருக்கலாம். அவள் கையை எடுக்கவில்லை.

"காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடு" என்றாள். "நான் ஏறினதும் தூங்கிடுவேன். எறங்கறப்போ நீதான் எழுப்பணும்."