அலசிய தண்ணீரில் இருந்த கவுண்ட்

ரெஹானா வளர்த்த நோய்ச் செல்களில் கவுண்ட் வந்தது, என்னுடையதில் வரவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் செல் கல்ச்சர் டெக்னீஷியனாக இருந்தேன். டி.என்.ஏ. கட்டத் தேவைப்படும் பியூரினை மறுபடி பயன்படுத்த உதவும் ஒரு என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்களுடைய தோல் செல்களை வளர்த்துவந்தோம். ஹைப்போசாந்தின் என்ற பியூரின் அந்தச் செல்லுக்குள் நுழைகிறதா என்பதுதான் கேள்வி. கதிரியக்க லேபிள் போட்ட ஹைப்போசாந்தினைச் செல்கள் மேல் ஊற்றி, பஃபர் என்ற உப்புக் கரைசலால் அலசி, உள்ளே தங்கியதன் கதிரியக்கத்தைக் கவுண்டரில் அளப்போம்; அதில் வரும் எண்தான் கவுண்ட். யார் முடிவு நிற்கிறதோ அவர்தான் டெல்லி மீட்டிங்கில் பேசுவது என்று எங்கள் கூடத்தின் தலைவரான மேடம் சொல்லியிருந்தார்.

நல்ல செல்லில் எனக்குக் கவுண்ட் எக்கச்சக்கம்; நோய்ச் செல்லில் ஒன்றுமில்லை. என்சைம் இல்லையென்றால் செல்லின் வாசலும் மூடிவிடுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். ரெஹானா இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் நுழைகிறது என்றாள். எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். மேடம் அவளை ‘ரெஹானாம்மா’ என்பார், என்னை வெறும் ‘முருகேசன்’. அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறை கண்டுபிடிக்கத்தான் அவள் மேசைப் பக்கம் போய் நின்றேன். லேபிளை ஊற்றினாள். சில நொடிதான். ஐஸ் பெட்டியிலிருந்து பஃபரை எடுத்து ஒரே அலசு, முடிந்தது. எனக்குக் குதூகலம் தாங்கவில்லை.

“மேடம், வந்து பாருங்க! ஒரே அலசுதான். வெளிய ஒட்டிக்கிட்டு இருக்கிறத உள்ள போனதுன்னு காட்டுறா.”

ரெஹானா நிமிரவேயில்லை. “ஒட்டுறது எம்புட்டுன்னு தனித் தட்டுல அளந்து கழிச்சிட்டேண்ணே. நீங்க எப்புடி அலசுறீங்க?”

“மூணு தடவ, பொறுமையா. சுத்தம் வேணும்ல?”

“ஐஸ்லயா?”

“எதுக்கு ஐஸு? பெஞ்சுல இருக்கிற பஃபர்தான்.”

மேடம் என்னைப் பார்த்தார். “முருகேசன், அலசுன தண்ணியக் கொட்டாம ஒவ்வொண்ணா கவுண்ட் பண்ணிப் பாருங்க.”

பார்த்தேன். நல்ல செல்லின் இரண்டாவது, மூன்றாவது தண்ணீரில் சொல்லும்படி ஏதுமில்லை. நோய்ச் செல்லின் தண்ணீரில் கவுண்ட் வந்துகொண்டே இருந்தது. நல்ல செல்லில், நுழைந்த பியூரினை என்சைம் வெளியே போக முடியாதபடி பாஸ்பேட்டோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். நோய்ச் செல்லில் வாசல் திறந்துதான் இருக்கிறது. கட்டிப்போட ஆள் இல்லாததால் நுழைந்த பியூரின் வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஐஸ் இருந்தால் அந்தப் போக்கு மந்தமாகும். மதுரை வெக்கையில் வெதுவெதுப்பாகிக் கிடந்த பஃபரை மூன்று தடவை ஊற்றி அத்தனையையும் வெளியேற்றியவன் நான்தான்.

டெல்லிக்கு அவள்தான் போனாள். போகுமுன் என்னிடம் வந்தாள். “அண்ணே, ஒங்க அலசுத் தண்ணிக் கவுண்ட ஒரு ஸ்லைடா போட்டுக்கிறட்டா? வெளிய வருதுன்னு காட்ட எங்கிட்ட வேற டேட்டா இல்ல. ஒங்க பேரப் போட்டுர்றேன்.”

“போட்டுக்க” என்றேன். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததில் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கவுண்ட் வராவிட்டால் செல்லைக் குறை சொல்லாதீர்கள், கொட்டிய தண்ணீரை அளந்து பாருங்கள். பக்கத்து மேசையைப் பார்த்து வயிறு எரிந்தால், எரிச்சலோடே எழுந்து போய் நின்று பாருங்கள். நல்ல மனசோடு என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தால், அந்த ஐஸ் பெட்டியை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.